சின்னப்பொண்ணின் சீட்டு மெஷின்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்று முடிந்ததும் படகு நிழலில் நாங்கள் நாலு பேர் ரம்மி ஆடுவோம். எங்களில் வாய்த்துடுக்கு சின்னப்பொண்ணுக்குத்தான். வவ்வால் மீன் வாங்க வந்தவர் ரொம்பப் பேரம் பேசினால், வலை தருகிறேன், நீயே போய்ப் பிடித்துக்கொள் என்பாள். போன மழைக்காலத்தில் வாதம் வந்து அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. மீன் வெட்ட முடியவில்லை, கடையும் போயிற்று. அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தச் சீட்டாட்டம் ஒன்றுதான்.

அதற்கும் எங்கள் நாலு பேரில் ஒருத்தியான அன்புசெல்வி குறுக்கே நின்றாள். எங்கள் கூட்டத்தில் அவரவர் முறைக்கு அவரவர்தான் சீட்டைக் கலைத்துப் போட வேண்டும். ஒருத்திக்காக இன்னொருத்தி போட்டால் கள்ள ஆட்டம் என்று சண்டை வரும், வந்தும் இருக்கிறது. அன்புசெல்வி சட்டம் பேசினால் கோர்ட்டே தோற்றுவிடும். நான் கத்திப் பார்த்தேன், அசையவில்லை.

சின்னப்பொண்ணு விடுவாளா? மகள் இனியாவை விட்டு ஆன்லைனில் ஒரு மெஷின் வரவழைத்தாள். டிபன் பாக்ஸ் அளவுதான். சீட்டுக்கட்டைச் செருகிப் பட்டனை அமுக்கினால் தானே கலைத்து, சுற்றிச் சுற்றி ஆளுக்கொன்றாகத் துப்பும். சீட்டுகளை நிறுத்தி வைக்க ஐஸ் பெட்டித் தெர்மாகோலில் ஒரு கீறலும் போட்டுக் கொண்டுவந்தாள். அன்புசெல்வி மெஷினைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு ஆட்டத்துக்கு ஒழுங்காகப் போட்டால் உட்காரலாம், இல்லாவிட்டால் இல்லை என்றாள்.

சின்னப்பொண்ணு பட்டனை அமுக்கினாள். எனக்கு, வசந்தாவுக்கு, அன்புசெல்விக்கு, அவளுக்கு என்று சீட்டு சர்சர்ரென விழுந்தது. மூன்று சுற்று தாண்டியதும் மெஷின் முனக ஆரம்பித்தது. உப்புக்காற்றில் சீட்டு ஒட்டிக்கொள்ளுமே என்று, கேரம் போர்டுக்குப் போடுகிற மாதிரி கட்டு முழுக்க முகப்பவுடர் கொட்டியிருக்கிறாள் பாவி. அது ஈரத்தில் மாவாகிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. மெஷின் துள்ளியது. விழுந்த கையைத் தோளோடு தூக்கி அதன்மேல் போட்டு அழுத்திக்கொண்டு, பாதி வெளியே வந்த சீட்டை இடது கையால் இழுத்தாள். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணி கிழிந்து கையோடு வந்தாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"என் சீட்டு கிழிஞ்சிடுச்சு. நான் வூட்டுக்குப் போறேன்" என்று எழுந்தாள்.

அன்புசெல்வி அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். மெஷினை ஓரமாகத் தள்ளினாள். சிதறிய சீட்டுகளைப் பொறுக்கி, புடவையில் பவுடரைத் துடைத்து அடுக்கி, கட்டை அவளுடைய இடது கைப்பக்கம் நகர்த்தினாள்.

"கிழிஞ்சது ஆட்டின் ராணிதான்டி. நீ கட்டை வெட்டு, உன் முறைக்கு நான் போடறேன்."