சாவியக்கா தன் பெயரில் போட்ட வழக்கு

பூட்டுத் தொழிலில் சாவியக்காவுக்கு ஒரு பிடிவாதம். யார் கூப்பிட்டாலும் சரி, தேதி, கதவு எண், காரணம் எல்லாம் நோட்டில் எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பூட்டில் கை வைப்பாள். "திருடனுக்குத் திறந்து விட்டவள்னு நாளைக்கு எவனும் என்னைப் பார்த்து விரல் நீட்டிடக் கூடாது" என்பாள்.

கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் மகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனாள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"அடடா, வீட்டை நேத்தே விட்டாச்சேம்மா."

புதன்கிழமை அதே மனிதர் அதே வீட்டுக்குப் பூட்டு மாற்ற ஆள் வேண்டுமென்று கடைக்கு ஃபோன் செய்தார். தொப்பி, கண்ணாடி, காக்கிச் சட்டை என்று போய் நின்றாள் சாவியக்கா. வேலைக்கு வந்தவளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"புதுசா குடி வர்றாங்களா சார்?"

"எங்கம்மா! ஒரு மாசமா காலியாக் கிடக்கு."

"அப்போ 'காலி வீடு'ன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ, எழுதிக்கோ." கையெழுத்தும் போட்டார்.

பிறப்பைக் காட்டி வீடு மறுக்கக் கூடாதென்று சட்டம் இருந்தது. அதைக் கவனிக்க ஓர் உரிமை அலுவலகமும் இருந்தது. அங்கே அவள் மனு எட்டு மாதம் தூங்கியது. "மேலே அனுப்பியிருக்கோம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், தெருமுனை வக்கீலம்மாவிடம் போனாள்.

"நீங்களே வழக்குப் போடலாமே!" என்றார் அவர்.

"நானா? அதெல்லாம் ஆபீஸ்காரங்க போட வேண்டியதில்லையா?"

"வாசல்ல நின்னு திரும்பி வந்தது அவங்களா, நீங்களா?"

வழக்குப் போட்டார்கள். முதல் நாளே எதிர்த்தரப்பு வக்கீல் முட்டுக்கட்டை போட்டார்: "அலுவலகம்தான் வழக்குப் போட முடியும். இந்தம்மா மனு கொடுக்கலாம், அவ்வளவுதான்." சாவியக்கா மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அவர் சொல்வது எடுபட்டுவிட்டால், அவளிடமிருக்கும் நோட்டை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "பாதிக்கப்பட்ட எவரும் நேரா இங்க வரலாம்னு இருக்கே. இந்தம்மா பாதிக்கப்படலைங்கறீங்களா, இல்ல, இந்தப் பக்கத்தை நீங்க படிக்கலையா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வழக்கு தொடர்ந்தது.

அடுத்த விசாரணையில், "அந்த வாரம் வீடு காலியே இல்லை" என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். வக்கீலம்மா நோட்டை நீட்டினார். தன் கையெழுத்தைப் பார்த்த மனிதர் நிமிர்ந்து சாவியக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அன்றைய வாடகைக்கே அந்த வீட்டை அவளுக்கே விட வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மகள் நீதிமன்ற வராந்தா என்றும் பார்க்காமல் அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ரொம்ப ஆடாதீங்க. மேல்முறையீடு போவாங்க" என்றார் வக்கீலம்மா.

"போகட்டும் மேடம்!" சாவியக்காவின் சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "கடைக்கு லீவு விட்டுட்டு அங்கயும் நானே வந்து நிக்கிறேன்."