ஆசாரியன் சொன்னால்தான் தீட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பல்சக்கரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எண்பதுகளின் பின்பாதி. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. அதை நிறுவி ஓட்டிக்காட்ட யூத இன்ஜினீயர் ஒருவர் கூடவே வந்தார். என்னைவிட இளையவர். தாடி, தலையில் சிறு தொப்பி, சட்டைக்குக் கீழே தொங்கும் வெள்ளை நூல்கள். முகப்பேரில் வீடெடுத்துத் தங்கினார். கேன்டீனில் வாழைப்பழம் தவிர எதையும் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை வெயில் சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை மெஷின் பக்கமே வரமாட்டார்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக வருடம் முழுதும் படித்து முடிப்பார்கள் என்பதை அவர் மூலம்தான் அறிந்தேன். அவர் ஹசிதியர். அந்தப் பக்தி மரபில் வாரப் பகுதி எப்போதோ நடந்த கதை அல்ல. அந்த வாரம் நாம் செய்யவேண்டிய காரியம். சாப்பாட்டு நேரத்தில் அதை எனக்குச் சொல்வார். நான் தபாலில் தத்துவம் எம்.ஏ. முடித்தவன். கேட்டதை ஆபரேட்டர்களுக்குத் தமிழில் சொல்வேன். அவர்கள் என் வாயைப் பார்த்துக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

சித்திரை வெயில் தொடங்கிய சமயம், தோல் நோயைப் பற்றிய பகுதி வந்தது. ஒருவன் உடம்பில் வெள்ளைத் திட்டு தோன்றினால் கோயிலில் பூசை செய்யும் ஆசாரியன் பார்க்கவேண்டும். ஊருக்கே தெரிந்தாலும், ஆசாரியன் வாயால் 'தீட்டு' என்று சொல்லும்வரை அவன் தீட்டுள்ளவன் அல்ல. சொல்லிவிட்டால் ஊருக்கு வெளியே போய்த் தனியாக உட்காரவேண்டும். அவன் புது மாப்பிள்ளையாக இருந்தால் மட்டும், கல்யாண விருந்தின் ஏழு நாளும் முடியும்வரை ஆசாரியன் அவனைப் பார்க்கப் போகமாட்டான்.

"ஆசாரியன்னா நம்ம இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி," என்று விளக்கினேன். "நான் சாக்பீஸ்ல கோடு போட்டாத்தான் ரிஜெக்ட்."

அந்த மெஷினை ஓட்டியவன் பாடியிலிருந்து வரும் ஆபரேட்டர். வெட்டும் சூடு தணிய ஊற்றும் கூலண்ட் ஆயிலில் நனைந்து நனைந்து அவன் கை மணிக்கட்டுவரை தோல் உரிந்து வெளுத்திருந்தது. பட்டறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நாலு நாள் லீவு போட்டால் ஆற ஆரம்பித்துவிடும். கையை என் முன்னால் நீட்டினான்.

"அப்ப என்னிய இன்னா சார் பண்ணுவீங்க? ஊருக்கு வெளில தள்ளிடுவீங்களா?"

பக்கத்து மெஷின்காரன் சொன்னான்: "அவன் மாப்ள சார். பூந்தமல்லில பொண்ணு பாத்துகினு கீறான். ஏழு நாள் டைம் குடுங்க."

"இவன் மூஞ்சிக்கு ஏழு நிமிஷமே ஜாஸ்தி மாமே," என்றான் இன்னொருவன்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இன்ஜினீயர் கேட்டார். என் உவமையைச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். நோயை அடையாளம் காணத் தெரிந்தவன் வேறொருவனாக இருக்கலாம். ஆசாரியன் அதில் ஒன்றும் தெரியாதவனாகக்கூட இருக்கலாம். தெரிந்தவன் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்வான். ஆனாலும் அந்தச் சொல் ஆசாரியன் வாயால்தான் வரவேண்டும். ஜனங்களை அன்போடு ஆசீர்வதிக்கக் கடமைப்பட்டவன் அவன். ஒருவனைத் தள்ளிவைக்கும் சொல்லை, அவன்மேல் அன்புள்ளவனை நம்பித்தான் தோரா கொடுக்கிறது என்பது அவருடைய குருமார்களின் பாடம். அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. இதை நான் தமிழில் சொல்லவில்லை. சொன்னால் என் உவமை தப்பாகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை பெண்ணின் அப்பா விசாரிக்க வந்தார். எஸ்டேட்டில் அது வழக்கம். பெண் கொடுக்குமுன் கம்பெனி வாசல் டீக்கடையில் நின்று பையனைப் பற்றிக் கேட்பார்கள். படித்தவர், பொய் சொல்லமாட்டார் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருந்தார்கள்.

"பையன் எப்டி சார்? தண்ணி கிண்ணி?"

"அதெல்லாம் கிடையாது. வேலைல சுத்தம்."

"கைல இன்னாமோ வெள்ளையா கீதே சார். பொண்ணு பாக்க வந்தப்ப கவனிச்சேன். ஊட்ல பயப்படறாங்க."

ஆயில் பட்டது, இங்கே எல்லாருக்கும் இருக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அது எனக்குத் தெரியும்.

"நான் டாக்டர் இல்லீங்க," என்றேன். "ஒண்ணும் இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது? எதுக்கும் யோசிச்சுப் பண்ணுங்க."

ஆய்வில் சந்தேகம் வந்தால் பொருளை நிறுத்திவைப்போம். அந்தப் பழக்கம்தான் பேசிவிட்டது என்று வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமல்ல. முந்தின நாள் அவன் வெட்டிய சக்கரங்களை நான் ரிஜெக்ட் என்று தள்ளினேன். "ஏசி ரூம்ல குந்திகினு கோடு போடறது ஈஸி சார்," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அது என் மனதில் இருந்தது.

திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தான். "அவர்கிட்ட இன்னா சார் சொன்னீங்க?"

"நான் டாக்டர் இல்லேன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை."

"அத்த கேட்டுட்டுத்தான் சார் வேணாம்னு சொல்லி அனுப்ச்சிட்டாங்க."

இன்ஜினீயரிடம், யாரோ ஒருவர் செய்ததுபோல இதைச் சொன்னேன். தோல் ஆறியவன் தானாக ஊருக்குள் வரமுடியாது, ஆசாரியன்தான் ஊரைவிட்டு வெளியே நடந்து அவனிடம் போகவேண்டும் என்று அடுத்த பகுதி தொடங்குகிறது என்றார். வேலை முடிந்து ஊர் திரும்பும் நாளில், "அந்த மனிதர் போய்ப் பார்த்தாரா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

ஆடி முடிந்துதான் பூந்தமல்லிக்குப் போனேன். பெண்ணின் அப்பா நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். "உங்க புண்ணியம் சார், தப்பிச்சோம். வேற எடத்துல நிச்சயம் ஆயிடுச்சு," என்றார். அது வெறும் ஆயில், அப்போதே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர், "இத்த இப்ப வந்து சொல்றீங்களே சார்," என்றார்.

அங்கிருந்தே பாடிக்கு, ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன், ஏசி ரூம் பேச்சு உட்பட. கேட்டுவிட்டு, "அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, நானே உங்கள சைக்கிள்ல வெச்சி அவங்க ஊட்டுக்கு இட்டுகினு போயிருப்பேன் சார்," என்றான்.

பிறகு அவனுக்கு வேறிடத்தில் கல்யாணமாயிற்று. நேரில் வந்து எனக்கும் பத்திரிகை வைத்தான். நான் போகவில்லை.