பேரி மரத்துப் பூரிக்கட்டை

சண்டை போடத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கலை ஆர்வம் உள்ளவள் என்று நினைத்துவிடக் கூடாது.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் சந்தில் எங்களுக்கு ஒரு டிபன் கடை இருக்கிறது. பூரி, இட்லி, பொங்கல். மத்தியானம் அடுப்பை அணைத்துவிடுவோம். கடைக்குப் பின்னால், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பழைய கார் ஷெட் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலை அதற்குள்ளிருந்து மிஷின் சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மரத்தூள் மிதந்து வந்து, நான் அப்போதுதான் தாளித்து இறக்கியிருந்த பூரிக்கிழங்கின் மேல் நிதானமாக உட்கார்ந்தது. ஒரு சட்டிக் கிழங்கு. கையில் இருந்த கரண்டியோடு அப்படியே போனேன்.

உள்ளே ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கச்சேரி கேட்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கடைசல் மிஷின். அதில் ஒரு சதுரக் கட்டை சுற்றிக்கொண்டிருந்தது. மிஷின் முன்னால் நின்றவர் உளியை வைத்ததும் கட்டையிலிருந்து சீவல் சுருள் சுருளாக வழிந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்கு எதிரிலேயே அந்தச் சதுரம் தன் மூலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு உருண்டையாகிவிட்டது. என்ன திட்டுவதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிழங்கு ஞாபகம் வந்தபோது அரை மணி நேரம் போயிருந்தது. அன்றைக்கு வந்தவர்களுக்குப் பூரிக்குச் சட்னிதான்.

கிளப் என்று பெயர்தானே தவிர, போர்டுகூடக் கிடையாது. சனிக்கிழமைதோறும் ஒருவர் மற்றவர்களுக்கு முன்னால் எதையாவது கடைந்து காட்டுவார். கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு, பம்பரம், இப்படி. கடைந்து முடித்ததும் அது கை மாறிக் கை மாறி நாற்காலிகளைச் சுற்றி வரும். அப்போது ஒவ்வொருவரும் கட்டாயம் ஒரு குறை சொல்ல வேண்டும். 'நல்லா இருக்கு' என்று யாராவது சொல்லிவிட்டால் ஷெட்டைக் கூட்டுகிற வேலை அவருக்கு. அடி கனம், வாய் கோணல், ஓரம் கையைக் கீறுகிறது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தடவை பஜாரில் போர்வைக்கடை வைத்திருக்கும் பாய், கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் அவரை அறியாமல் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் துடைப்பத்தை நீட்டினார்கள்.

"கிண்ணத்தப் பாத்துச் சொல்லலைங்க. அல்லாவ நெனச்சுச் சொன்னேன்" என்றார் பாய். பஞ்சாயத்து கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் பாதி ஷெட்டை மட்டும் கூட்டினார்.

குறை சொன்னால்தான் மரியாதை என்கிற இடம் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? வீட்டில் சொன்னால் வாய் நீளம் என்கிறார்கள். இங்கே நாற்காலி போட்டுக் கேட்கிறார்கள். எனக்காக அவர்கள் நேரத்தைப் பதினோரு மணிக்குத் தள்ளி, எங்கள் பக்கத்து ஜன்னலையும் அடைத்துவிட்டார்கள். காலைக் கூட்டம் குறைந்ததும் நான் போய் உட்கார்ந்துவிடுவேன். உளி பிடிக்கத் தெரியாது, ஆனால் உளி பிடித்தவர்களை ஒரு வழி பண்ணிவிடுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, கடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் கடையில் பூரி தேய்ப்பது என் வீட்டுக்காரர். கல்யாணம் ஆகி நான் அய்யம்பாளையத்திலிருந்து மலையேறி வந்த நாளிலிருந்து அந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்கிறார். கொஞ்ச மாதமாக அவருக்கு வலது தோளில் வலி. பத்து பூரி தேய்த்ததும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொள்வார். பிறகு அடுத்த பத்து. வத்தலக்குண்டில் டாக்டரிடம் காட்டினோம். அவர் எழுதிக் கொடுத்த தைலத்தைத் தேய்த்தோம். தேய்க்கிற வேலையை விட்டால்தான் தேறும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் நாங்கள் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டோம். என் தம்பி பூரி அமுக்குகிற மிஷின் ஒன்றை போனில் காட்டினான்.

அவருக்கு அந்தப் பலகையை விட்டால் கடையில் வேறு இடம் இல்லை. பரிமாறச் சொன்னால் வந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே பேசுவார். கல்லாவில் உட்கார வைத்தால் மீதி கேட்பதற்குள் எழுந்து போய்விடுவார். பலகை முன்னால் நிற்கும்போது மட்டும் அவர் ராஜா. தேய்த்துக்கொண்டே மெதுவாக விசில் அடிப்பார். விசில் நின்று கொஞ்ச நாளாகியிருந்தது. இது எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. மிஷின் வந்துவிட்டால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

எனக்கு அந்தக் கட்டை மேல்தான் சந்தேகம். கடையில் இருந்தது தடிக் கட்டை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. பிடித்து அமுக்கித்தான் தேய்க்க வேண்டும், பாரமெல்லாம் தோளுக்குப் போகும். சாரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு பூரிக்கட்டை கடைந்தார். கைப்பிடியில் மூன்று வளையம், நடுவில் கோடு, மேலே பளபளவென்று வார்னிஷ். கட்டில் கால் மாதிரி ஜோராக இருந்தது. ஒவ்வொருவராக வாங்கி வளையம் ஒன்றுக்கொன்று சமமில்லை என்றார்கள். என் முறை வந்தது.

"சார், இதுல பூரி தேய்க்க முடியாது."

"ஏம்மா?"

"வார்னிஷ் எண்ணெயில கரஞ்சு பூரியில ஏறும். நடுவுல கோடு போட்டிருக்கீங்க, மாவு அதுக்குள்ள போய் ஒக்காந்துக்கிரும். கனமும் சாஸ்தி. இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல யாராவது ஒருத்தரு வீட்டுல ஒரு பூரி தேய்ச்சிருக்கீங்களா?"

பாய் தொப்பியைச் சரிசெய்தார்.

"அப்ப எப்பிடி இருக்கணும்?" என்று கேட்டார் சார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"நானே கடஞ்சு காட்டுறேன்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பூண்டிக்காரர். பூண்டியில் வெள்ளைப்பூண்டு போடுகிறவர், சனிக்கிழமையானால் வெள்ளனே பஸ் ஏறி வந்துவிடுவார். சிரித்து முடித்துவிட்டு, "அக்கா, மரம் நாந் தாரேன். எந் தோட்டத்துல காத்துக்கு விழுந்த பேரி மரம் ஒண்ணு ரெண்டு வருசமா அட்டாலியில காஞ்சு கெடக்கு. கடையிறதுக்கு வெண்ணெ கணக்கா இருக்கும்" என்றார்.

அந்தப் பேரிக் கட்டையைத் தொட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் கிடைத்த சில்வர் ஓக் துண்டுகளையெல்லாம் நாசம் பண்ணினேன். உளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மரம் அதைக் கொத்திக்கொண்டு கையோடு இழுக்கும். ஒரு துண்டு பறந்து போய் பாயின் டீ டம்ளரைக் கவிழ்த்தது. "நாந் தூரமாவே ஒக்காந்துக்கிறேம்மா" என்று அவர் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் அந்த நான்கு மாதமும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். சரியாக வைத்த உளியின் கீழிருந்து ஒரே சீவலாக, அறுபடாமல் முழ நீளத்துக்கு வரும்போது மனசு கும்மாளம் போடும். முந்தானையில் சீவலோடு கடைக்குத் திரும்புவேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார். தலையில் ஒட்டியிருப்பதை மட்டும் எடுத்துப் போடுவார்.

அளவு எடுத்ததுகூட அவருக்குத் தெரியாது. பலகையில் மாவைத் தூவிவிட்டு, "ரெண்டு கையையும் அமுக்கி வைங்க, பலகை ஆடுதான்னு பாக்கணும்" என்று ஒரு பொய் சொன்னேன். வைத்தார். அவர் நகர்ந்ததும், மாவில் பதிந்திருந்த இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நூல் பிடித்து அளந்துகொண்டேன். கைப்பிடியே இல்லாமல் உள்ளங்கையால் உருட்டுகிற கட்டை. நடு கொஞ்சம் பருத்து இரண்டு ஓரமும் ஒடுங்க வேண்டும். என் மனசில் இருந்தது அதுதான்.

நான் கடைந்து காட்டும் சனிக்கிழமை வந்தது. வளையலைக் கழற்றி, முந்தானையை இழுத்துச் செருகி, ஸ்வெட்டர் கையை மடக்கிவிட்டு நின்றேன். வெளியே மேகம் இறங்கி ஷெட் வாசலே தெரியவில்லை. முந்தைய வாரமே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: கடைந்த கட்டையில் இங்கேயே, இவர்கள் முன்னாலேயே பூரி தேய்த்துக் காட்டுவேன் என்று. வீட்டுக்காரரிடம் மட்டும், "பதினொன்றரைக்கு மாவும் பலகையும் பின்னால ஷெட்டுக்குக் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தேன். எதற்கு என்று கேட்டிருந்தால் அவர் என் வீட்டுக்காரரே இல்லை.

மிஷினைப் போட்டேன். பயத்தில் வாய் ஓயாமல் ஓடியது. பேரி மரம் நிஜமாகவே வெண்ணெய் மாதிரி கொடுத்தது. மூலை போயிற்று, உருண்டையாயிற்று, நடு நின்றது, இடது ஓரம் ஒடுங்கியது. வலது ஓரத்துக்கு வந்தபோது பாயைப் பார்த்து ஏதோ கேலி பேசினேன். டக் என்று உளி கொத்திவிட்டது. ஓரத்தில் அரை நகத்துக்கு ஒரு பள்ளம்.

வேறு பேரிக் கட்டை இல்லை. பள்ளம் மறைய வேண்டுமானால் வலது ஓரத்தை இன்னும் சீவ வேண்டும். அதைச் சீவினால் இடது ஓரத்தையும் சீவ வேண்டும், அப்புறம் நடுவையும் குறைக்க வேண்டும். நான் பேச்சை நிறுத்தினேன். அந்த ஷெட்டில் நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சீவினேன். பள்ளம் போனபோது கட்டை நான் நினைத்ததைவிட ரொம்ப ஒல்லியாகியிருந்தது. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

சுற்று ஆரம்பித்தது. "ஒரு ஓரம் ஒல்லி, இன்னொரு ஓரம் அதவிட ஒல்லி" என்றார் பாய். "எம் மரத்த நோஞ்சானாக்கிப்புட்டீங்களேக்கா" என்றார் பூண்டிக்காரர். சார் கட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "உப்புத்தாள் வரி தெரியுது" என்றார். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் உண்மை. இத்தனை நாள் நான் சொன்னதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் எனக்குக் காது அங்கே இல்லை, கண் வாசலில் இருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து அவர் வந்தார். ஒரு கையில் ஈரத்துணி மூடிய மாவுருண்டைத் தட்டு, கக்கத்தில் பலகை. சார் எழுந்து கட்டையை அவரிடம் கொடுத்தார். "ஒங்க வீட்டம்மா கடஞ்சது. தேய்ச்சுப் பாருங்க."

அவர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பலகையை மிஷின் மேஜையில் வைத்து, ஓர் உருண்டையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் கட்டை மேல் வைத்து உருட்டினார். மாவு பரவியது. அவர் கையால் திருப்பவே இல்லை. கட்டை போய் வரப் போய் வர, பூரி தானாகவே பலகையில் சுற்றிச் சுற்றி வட்டமானது. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"இங்க ஒரு வழக்கங்க. நீங்களும் ஒரு கொறை சொல்லணும்" என்றார் சார்.

அவர் கட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினார். யோசித்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"மதுர பஸ்ஸு வந்துருச்சு. கடையில ஆளு நிப்பாங்க" என்றார். பலகையை அங்கேயே விட்டுவிட்டு, தட்டை ஒரு கையிலும் கட்டையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மேகத்துக்குள் நடந்துவிட்டார். குறையும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.

வளையலைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். கடை நிறைய ஆட்கள். அவர் மூலையில் கிடந்த இன்னொரு பழைய பலகையை எடுத்துப் போட்டு, புதுக் கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று எண்ண ஆரம்பித்தேன். எட்டு. ஒன்பது. பத்தாவது பூரி எண்ணெய்க்குள் விழுந்தது. அவர் கை தோளுக்குப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. விசில் சத்தம் மெதுவாகக் கேட்டது. எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது, ஆனாலும் எண்ணுவதை விடவில்லை.

பதினேழில் நிறுத்தினார். அவர் தோளைப் பிடிக்கவில்லை. காலியாகிவிட்ட தட்டை என் பக்கமாக நீட்டினார்.

"இந்தா, நின்னுக்கிட்டே இருக்கியே. மாவு தீந்துருச்சு. வெரசா உருட்டு."