ஸ்டானிஸ்லாஸ் சுற்றிய மூன்று சுற்று

இந்துக் கல்யாணம் எப்படி நடக்கவேண்டும் என்பது ஸ்டானிஸ்லாஸ் அளவுக்குத் தெரிந்த கத்தோலிக்கர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வேறு யாருமில்லை. வாரநாள்களில் செனாய் ஊரில் தொழிற்சாலை ஒன்றில் பிளாஸ்டிக் மூடிகளைப் பரிசோதிப்பார். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ. பதினொரு வருஷமாக மாப்பிள்ளைகளின் தோளைத் திருப்பி வைத்திருக்கிறார். குருக்களையே ஓரடி தள்ளி நிற்கச் சொல்வார்; குருக்களும் நிற்பார்.

அவர் பெயர் பரவியது ஒரே ஒரு ஷாட்டால். தாலி கட்டி முடிந்ததும், கேமராவை முழங்கால் உயரத்தில் பிடித்து, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, மணமக்களைப் பார்த்தபடி வலப்பக்கம் வலப்பக்கமாக அடிவைத்து ஒரு முழு வட்டம் அடிப்பார். அந்தக் கோணத்தில் லாரி ஓட்டும் மாப்பிள்ளையும் ராஜாவாகிவிடுவார். முதல் முறை படம் ஆடும். இரண்டாம் முறை யாராவது சித்தப்பா குறுக்கே வருவார். மூன்றாவதுதான் அமையும். ஆகவே எப்போதும் மூன்று சுற்று.

கேமரா பிடிக்கிறவர் காட்சியில் இல்லை என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. மண்டபத்தில் எல்லார் கண்ணிலும் முதலில் படுகிறவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

போன மார்ச்சில் தொழிற்சாலையில் கூட வேலை செய்த அய்யாவு இறந்துபோனார். வாய்க்கரிசி போட வரிசையில் நின்ற ஸ்டானிஸ்லாஸ் மற்றவர்களோடு உடலைச் சுற்றி நடந்தார். கையில் கேமரா இல்லாத நடை. சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவார்கள், பிணத்தை இடக்கைப் பக்கம் வைத்து என்பது அவருக்கும் தெரியும். ஆனால் பாதி வட்டத்தில், இந்தப் பாதை கால்களுக்கு ரொம்பப் பழக்கம் என்று தோன்றியது. கையில் அரிசியோடு நின்று யோசித்தார். மணமக்களைப் பார்த்தபடி வலப்பக்கம் அடிவைத்தால் வட்டம் எந்தத் திசையில் போகும்? இதே திசையில்தான்.

"என்னண்ணே நின்னுட்டீங்க? நடங்க லா," என்றான் பின்னால் நின்ற வேலு.

பதினொரு வருஷம். கல்யாணத்துக்கு மூன்று சுற்று.

வீட்டில் காஹாங் ஊர்ப் பிரேமலாவின் கல்யாணப் படம் பாதி வெட்டிய நிலையில் இருந்தது. சனிக்கிழமை விருந்தில் பெரிய திரையில் போடவேண்டும். அந்த ஷாட் கட்டாயம் வேண்டுமென்று பிரேமலாவே கேட்டிருந்தாள். படத்தை இடவலமாக மாற்றிப் பார்த்தார். திசை சரியானது; ஆனால் பிரேமலாவின் முந்தானை வலத் தோளுக்குப் போனது, மாப்பிள்ளை இடக்கையால் குங்குமம் வைத்தார். பின்னோக்கி ஓட்டினார். அட்சதை தலைகளிலிருந்து எழுந்து பறந்து கைகளுக்குத் திரும்பியது, ஊரே ஆசியை வாபஸ் வாங்குவதுபோல.

சொல்லாமல் வெட்டிவிடலாம். ஆனால் அது படத்திலிருந்துதான் போகும், நடந்தது நடந்ததுதானே. மறுநாள் காஹாங்குக்குப் போனார். பெண்ணின் அம்மா யோகேஸ்வரி மைலோ கலக்கிக் கொடுத்தார். ஸ்டானிஸ்லாஸ் டம்ளரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் சங்கடப்படுத்தியது.

"தெரியும் தம்பி. நீங்க சாப்பிடப் போனதும் என் தம்பி வலமா மூணு சுத்து சுத்திட்டான். உங்கள கூப்பிட்டாலே அதுக்குன்னு ஒரு ஆள் வச்சிருவோம்."

"எல்லாருமா?"

"சாஆ ஊருப் பக்கமும் அப்படித்தான். உங்ககிட்ட யாரு சொல்றது? நீங்க வேதக்காரரு, மனசு கஷ்டப்படுவீங்க. படமும் நல்லாத்தான இருக்கு."

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட்டிஸ்க்குகளைத் திறந்தார். ஓரமாக நிறுத்தி வைத்த இரண்டாவது கேமரா, அவர் சாப்பிடப் போனபின்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் கடைசியில் யாரோ ஒருவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாகச் சுற்றினார். குறுக்கே நடக்கிறவர்கள் என்று இத்தனை வருஷமும் வெட்டி எறிந்த துண்டுகள். நாற்பதாவது கல்யாணத்தோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் சாஆவில் கல்யாணம். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து ஒரு வாரம் பயிற்சி செய்திருந்தார்; மண்டபத்தில் இடப்பக்கமாகவே அடிவைத்தார். படம் ஆடியது. மூன்று சுற்றும் ஆடியது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். பெண்ணின் மாமா செல்லப்பன் வழக்கம்போல எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

ஸ்டானிஸ்லாஸ் அவர் பார்ப்பதற்குள் உள்ளே போய் இலையில் உட்கார்ந்தார். படம் ஏன் ஆடுகிறது என்று பின்னால் கேட்டவர்களிடம் கேமரா பழசாகிவிட்டது என்றார்.