பூ கேட்கப் போன இடத்தில்

மகளுக்கு ஏழு வயது. பின்மூளையில் கட்டி. கோயம்புத்தூர் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஆபரேஷன் செய்தால் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். ஆனால் கொஞ்ச நாள் பேச்சு வராமல் போகலாம், சிலருக்குப் பழையபடி வருவதே இல்லை. இல்லையென்றால், தலையில் சேரும் நீரைக் குழாய் வைத்து வடியவிட்டு, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக் கட்டியை அடக்கப் பார்க்கலாம். ஆனால் கட்டி உள்ளேயேதான் இருக்கும். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார்.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஓட்டை, கறை என்று நாளெல்லாம் பீஸ்களைக் கழித்துத் தள்ளுகிறவள். என் பிள்ளை விஷயத்தில் வாய் திறக்க முடியவில்லை. வீட்டுக்காரர், "சாமிகிட்டப் பூ கேட்டறலாம் புள்ள" என்றார். யாராவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது.

வியாழக்கிழமை பல்லடம் பக்கத்திலிருக்கும் வீட்டுக்காரருடைய குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். வெள்ளை அரளி வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்தார். எடுக்க ஒரு குழந்தை வேண்டும். பள்ளிக்கூட நாள், வேறு குழந்தை இல்லை. "வா கண்ணு, ஒண்ணு எடு சாமி" என்று என் மகளையே கூப்பிட்டார். என் புத்தி எங்கே போனதோ, தடுக்காமல் நின்றேன்.

அவள் வலது பக்கப் பொட்டலத்துக்குத்தான் கை நீட்டினாள். கை நடுங்கி, விலகிப் போய், இடது பக்கத்தில் விழுந்தது. ஒரு மாதமாக டம்ளரை எடுக்கப் போய்த் தட்டிவிடுகிற அதே கை. பிரித்தால் சிவப்பு.

"சாமியே வேண்டாம்னு சொல்லிருச்சு" என்று வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூசாரி முன்னாலேயே கத்திவிட்டேன்.

"சாமி சொல்லலீங்க. நம்ம புள்ளையும் எடுக்கலீங்க. அந்தக் கட்டி எடுத்துச்சுங்க!"

மகள் பயந்துபோனாள். "தப்பா எடுத்துட்டனாம்மா? மறுக்கா எடுக்கட்டுமா?"

"வேண்டாங் கண்ணு. இனி அம்மா சொல்லிக்கறேன்."

மறுநாளே ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று டாக்டரிடம் போனில் சொன்னேன். வீட்டுக்காரர் மறுக்கவில்லை, அந்தச் சிவப்புப் பூவை மட்டும் சாமி படத்தில் சொருகி வைத்தார். சாமிகுத்தம் ஆகிவிடுமோ, பிள்ளை என்ன ஆவாளோ என்று நானும் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் போகும்போது மகள் ஓயாமல் பேசினாள். பக்கத்துக் கட்டில் பாப்பாவின் பொம்மைக்கு ஒரு கண் இல்லையாம். "கொஞ்சம் பேசாம படு பாப்பா" என்றார் நர்ஸ்.

"பேசட்டும் விடுங்க" என்றேன். எந்தக் கண், பொம்மைக்கு என்ன பேர் என்று கதவு வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே போனேன், அவளும் சொல்லிக்கொண்டே போனாள்.