தண்ணீர் ஒட்டாத தம்பி

எட்டாம் மாதத்திலேயே தம்பி பிறந்துவிட்டான். கார்த்திகை மாதத்து விடியலில் கொல்லிமலை எப்படிக் குளிரும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்களுக்கே பல் கிட்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. அது சேந்தமங்கலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி ஏறி வர வேண்டும். தம்பிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அப்பாவின் அக்காவான என் அத்தைதான் அவனைக் கையில் வாங்கினாள். எங்கள் ஊரான குண்டனி நாட்டுப் பிள்ளைகளில் பாதியைத் தானே குளிப்பாட்டியதாக அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை.

எட்டிப் பார்த்த எனக்குப் பெருத்த ஏமாற்றம். உடம்பெல்லாம் வெண்ணெயை அப்பியதுபோல வெள்ளையாக ஏதோ பூசிக்கொண்டு, தோலும் எலும்புமாகக் கிடந்தான். குரல் மட்டும் கூரையைத் தூக்கியது.

குளிப்பாட்டாத பிள்ளையைத் தகப்பன் கண்ணில் காட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவோ வாசலில் பனியில் நின்றுகொண்டு, ஆச்சா ஆச்சா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். அம்மா பாயில் படுத்தபடி ஒரே ஒரு தரம் சொன்னாள்.

"அண்ணி, பனியா இருக்குதுங்க. வெயில் வரட்டுமுங்க."

"இந்தக் கோலத்துலயா அவங்கப்பன் பாக்கறது? செத்த பொறு கண்ணு" என்றாள் அத்தை.

வெந்நீரை ஊற்ற ஊற்ற அந்தப் பூச்சின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஒட்டவே இல்லை. அத்தை விடுவாளா? கடலை மாவு போட்டுத் தேய்த்தாள். அதற்கும் அசையாமல் போகவே, அப்பா ஆசையாக வாங்கி வைத்திருந்த புது சோப்பை எடுத்தாள். கக்கத்திலும் தொடையிடுக்கிலும் விரலை விட்டுப் பதமாக வழித்தாள். அவ்வளவு அன்பாக யாரும் யாரையும் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது சேந்தமங்கலத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். கொழுப்புப் பாடம் வருஷா வருஷம் வந்து தொலைக்கிறது. ஒரு கிளிசரால், அதில் கோத்த மூன்று கொழுப்பு அமிலங்கள் என்று படம் போடுகிறேன். அந்த அமிலங்களின் நீண்ட வால்கள் தண்ணீரோடு சேராது. சோப்பு வந்தால் ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் கொழுப்பையும் பிடித்து இழுத்துப் போய்விடும். கடைசி மாதங்களில்தான் சிசுவின் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்து சூட்டைக் காக்கும் என்னும் இடம் வரும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். உள்ளே கொழுப்பு சேராத பிள்ளைக்கு மேலே பூசி அனுப்பிய ஒரே சட்டை அந்த வெள்ளைக் கொழுப்புப் பூச்சு. அதையும் உருவி, ஈரத்தையும் சேர்த்தால் சூடு எங்கே நிற்கும்?

அத்தையிடம் இதைச் சொன்னதில்லை. "எம்புட்டுச் சுத்தமாக் குளிப்பாட்டிக் குடுத்தேன், எமன் கொண்டுட்டுப் போயிட்டானே" என்று இன்றும் சொல்லி அழுவாள். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதலைப் பிடுங்கி நான் என்ன செய்யப்போகிறேன்?

துடைத்துத் துணியில் சுற்றியபோது தம்பி செக்கச்செவேலென்று இருந்தான். அப்பா அவனை வாங்கிப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதன் பிறகு நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுகை ஓய்ந்தது. அம்மா மார்பில் சேர்த்துப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. குளித்த அசதி என்றார்கள். பாதத்தைத் தொட்டேன், ஓடைக் கல்லாகச் சில்லிட்டிருந்தது.

அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் வாசலை மறித்து நின்று, உதட்டில் விரலை வைத்து ரகசியமாகச் சொன்னேன்.

"மெதுவா வாங்க. பாப்பா தூங்குதுங்க."