போர் தண்ணியும் அங்காளம்மா குடுத்த பதிலும்

அங்காளம்மாவை நம்பி வந்திருக்கிற என் சனங்களே, இதைச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்குது. இருந்தாலும் சொல்றேன். ஏழு வருஷம் வாயை மூடிக்கினு இருந்த பாவி நான்.

வல்லத்துப் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுறவன். கல்யாணம் ஆகி ஏழு வருஷம், புள்ளை இல்ல. எங்க கோயில் மயானக்கொள்ளையில சூறை விடுற சோத்தைப் புள்ளை இல்லாத பொம்பளைங்க மடியில ஏந்திச் சாப்புடுவாங்க. வருஷா வருஷம் என் பொண்டாட்டி செல்வி ஏந்தினா. எங்கம்மா அவளை மலடின்னு கரிச்சுக் கொட்டுவாங்க. நான் தலையைக் குனிஞ்சிக்கினு சோறு தின்னுவேன். ஆஸ்பத்திரியில அவளுக்கு ஒரு குறையும் இல்ல, வீட்டுக்காரரை இட்டுக்கினு வான்னாங்க. "எனக்கின்னா கொறச்சல்?"னு எகிறினேன். ஒருநாள் அவ துணிமணியை எடுத்துக்கினு தொண்டூருக்கு, பொறந்த வீட்டுக்குப் போயிட்டா.

அப்பதான் உடைஞ்சேன். கோயில்ல வுழுந்து அழுதேன். "தாயே, புள்ளைகூட வேணாம். அவளைத் திருப்பிக் குடுத்துடு."

அங்காளம்மா எனக்குக் குடுத்தது வயித்து வலி. பத்து நாள் உருட்டி எடுத்துடுச்சு. விழுப்புரம் போனேன். ரத்தத்துல ஈயம்னாங்க. எந்தத் தண்ணி குடிக்கிறேன்னு டாக்டர் கேட்டார். வீட்டுல டேங்க் தண்ணி. ஆனா பகலெல்லாம் நான் குடிக்கிறது கழனியில போட்ட போர்வெல் தண்ணி. பக்கத்துக் கொட்டாயில ரொம்ப வருஷமா பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குறாங்க. தண்ணியைச் சோதிச்சா அதுலயும் ஈயம். டாக்டர் விந்துப் பரிசோதனையும் எழுதினார். அணு ரொம்பக் கம்மி. "ஈயம் ஏறினா ஆம்பளைக்கு இப்படியும் ஆகும்பா. அந்தத் தண்ணியை நிறுத்து. கொஞ்சம் கொஞ்சமா தேறலாம்"னார். ஐயோ, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கேவிக் கேவி அழுதேன். எனக்காக இல்ல, அவ வாங்கின பேச்சுக்காக.

அந்த மாசி மயானக்கொள்ளையில பொம்பளைங்க வரிசையில போய் நின்னு என் துண்டை ஏந்தினேன். சனம் சிரிச்சுது. எங்கம்மா ஓடியாந்து, "டேய், இன்னாடா அசிங்கம் இது? ஆம்பளை எங்கனா ஏந்துவானா?"ன்னாங்க.

"கொறை எங்கிட்டதாம்மா. அவகிட்ட இல்ல!" ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினேன்.

பொறந்த வீட்டுக்காரங்களோட சாமி கும்பிட வந்த செல்வி அங்கதான் நின்னுக்கினு இருந்தா. கிட்ட வந்தா. "ஏழு வருஷம் கழிச்சாச்சும் வாயைத் தொறந்தியே"ன்னா. மறுநாள் வீட்டுக்கு வந்துட்டா.

போரை மூடிட்டேன். புள்ளை இன்னும் உண்டாகல. அணு கொஞ்சம் ஏறியிருக்குதாம், பாக்கலாம்ங்கிறாங்க. செல்வி சில நாள் வேலையை வுட்டுட்டுச் சும்மா உக்காந்து அழுவா. அந்த ஏழு வருஷத்தை நான் எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பேன்?

நம்பிக் கேளுங்க, தாய் பதில் சொல்லுவா. அது வலியா வந்தாலும் வாங்கிக்குங்க. பொண்டாட்டியைக் கோயில் கோயிலா அனுப்புற ஆம்பளைங்களே, மொதல்ல நீங்க டெஸ்டுக்குப் போங்க.

நேத்து எங்கம்மாவே தட்டுல சோறு போட்டு செல்வி முன்னால வெச்சு, "சாப்புடும்மா"ன்னாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க. நான் கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.